எங்கள் பணம், எங்கள் கணக்கு

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு எழுதி அனுப்பிய தலைப்பு 'வெளிப்படையான நிர்வாகமும் மக்கள் பங்கேற்பும்'. தலைப்பைக் கேட்டவுடனேயே பாதிப்பேருக்குக் கொட்டாவி வந்திருக்கும். அதுவும் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். அதனால் தலைப்பைச் சுருக்கிக்கொள்கிறேன். கணக்குக் கேட்பது. அவ்வளவுதான் விஷயம். வேலை பார்த்த காலம் முழுக்கத் தணிக்கைத் துறையில் அடுத்தவர் கணக்கைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

கணக்கு என்றதும் நம்மவர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நானும் அதற்கு விதிவிலக்கு இல்லை. முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியவை. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். ஆனால் பாடப்புத்தகம் அவசரமாகத் தாண்டிப்போகிற ஒரு விதி அதில் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி குடவோலைக்குத் தகுதி இல்லாதவர். அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும்கூட. அண்ணன் கணக்குக் காட்டவில்லை என்றால் தம்பிக்கும் இடமில்லை! ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது வீண் பெருமை. அது பிராமணர் ஊரின் சபை. வரி செலுத்தும் நிலமும் வேத அறிவும் உள்ளவர்களுக்கே இடம். கணக்கைக் கேட்டவர்களும் அவர்களே, காட்டியவர்களும் அவர்களே. அந்த நிலத்தில் குனிந்து நின்று நாற்று நட்டவர் கணக்குக் கேட்கலாம் என்று அந்தக் கல்லில் எழுதவில்லை. அது எழுதப்பட ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எழுதப்பட்ட இடம் தமிழ்நாடும் அல்ல, ராஜஸ்தான்.

அந்தக் கதையைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். அதில் நமக்கு ஒரு சின்ன உறவும் உண்டு. அருணா ராய் சென்னையில் பிறந்தவர். 1968-இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, 1975-இல் ராஜினாமா செய்தவர். 1987-இல் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு தேவ்டூங்ரி என்ற கிராமத்துக்குப் போய் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். வறண்ட பூமி. மழை பொய்த்தால் அரசாங்கத்தின் பஞ்ச நிவாரண வேலைதான் கதி. குளம் வெட்டுவது, சாலைக்கு மண் போடுவது. 1990 மே 1-ஆம் தேதி அங்கே 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பு உருவானது. உழைப்பாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை என்பது ஆரம்பத்திலிருந்தே அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

முதலில் அவர்கள் கேட்டது தகவல் அல்ல, கூலி. சட்டப்படி கொடுக்கவேண்டிய குறைந்தபட்சக் கூலி. அதற்காக உண்ணாவிரதம் எல்லாம் இருந்தார்கள். கூலியைக் கேட்டால் மேலேயிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? 'நீங்கள் அளவுப்படி வேலை செய்யவில்லை, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.' சரி ஐயா, அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், 'அது அரசாங்க ஆவணம், ரகசியம்'. 1923-ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் வெள்ளைக்காரன் உளவாளிகளை மனதில் வைத்து எழுதியது. அந்த மனப்பான்மை குளத்து மண்ணின் கன அடி வரைக்கும் இறங்கி வந்திருந்தது.

கூலிக்கும் காகிதத்துக்கும் உள்ள முடிச்சு இப்படித்தான் அவர்களுக்குப் பிடிபட்டது. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தகவல் உரிமை என்றால் படித்தவர்கள் கருத்தரங்கில் பேசுகிற விஷயம், பத்திரிகைக்காரர் விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். கோர்ட்டும் சொல்லித்தான் இருந்தது. 1975-இல் ராஜ் நாராயண் வழக்கில் நீதிபதி மாத்யூ, அரசின் பொதுச் செயல்களை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று எழுதினார். நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பை எடுத்துக்கொண்டு பி.டி.ஓ. ஆபீசுக்குப் போனால் யாரும் ஃபைலைத் தூக்கிக் கொடுக்கப்போவதில்லை. அதை வாங்கியது கூலிக்காரர்கள்.

1994 டிசம்பர் 2-ஆம் தேதி, பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊர். நல்ல மனதுள்ள அதிகாரி ஒருவர் ஆவணங்களைப் பார்க்கவிட்டார். அதிலிருந்து எடுத்த விவரங்களை வைத்துக்கொண்டு ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு கூட்டம். 'ஜன் சுன்வாயி' என்றார்கள், அதாவது மக்கள் மன்ற விசாரணை. படுதா கட்டி, மைக் வைத்து, வெளியூரிலிருந்து நாலு பொதுவான மனிதர்களை நடுவில் உட்காரவைத்து, காகிதத்தில் இருந்ததை அப்படியே உரக்கப் படித்தார்கள். இன்ன வேலை, இத்தனை நாள், இன்னார் பெயர், இவ்வளவு கூலி, இதோ கைநாட்டு. படிக்கப் படிக்கக் கூட்டத்திலிருந்து குரல் வந்தது. நான் அந்த வேலைக்கே போகவில்லையே என்றார்கள் சிலர். எப்போதோ இறந்துபோனவர்கள் மண் சுமந்து கூலி வாங்கியிருந்தார்கள். முடிந்ததாகப் பில் போட்ட கட்டடம் கூரையில்லாமல் நின்றது.

இந்த இடத்தில் என் தொழில் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் தணிக்கைக்குப் போனால் என்ன பார்ப்போம்? மதிப்பீடு இருக்கிறதா, நிர்வாக அனுமதி இருக்கிறதா, எம்-புக்கில் அளவு ஏறியிருக்கிறதா, வவுச்சரில் கையெழுத்து இருக்கிறதா, மஸ்டர் ரோலில் கூட்டுத்தொகை சரியா. காகிதத்தைக் காகிதத்தோடு ஒத்துப்பார்ப்போம். கெட்டிக்காரர் தயாரித்த பொய்க்கணக்கில் கூட்டல் பிழையே இருக்காது, நிஜக் கணக்கில்தான் அடித்தல் திருத்தல் இருக்கும்! மஸ்டர் ரோலில் 14-ஆவது பெயராக இருக்கும் அம்மாள் உயிரோடு இருக்கிறாரா, அந்த வாரம் ஊரில் இருந்தாரா, அது அவர் ரேகையா என்பதெல்லாம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தணிக்கையாளனுக்கு எப்படித் தெரியும்? அது ஊருக்குத்தான் தெரியும். காகிதம் அலுவலகத்தில் இருக்கிறது, உண்மை தெருவில் இருக்கிறது. இரண்டையும் ஒரே படுதாவுக்குக் கீழே கொண்டுவந்ததுதான் கோட் கிரானாவில் நடந்த புதுமை. முப்பது வருஷம் பச்சை மையில் டிக் அடித்த எங்களுக்கு இது தோன்றவில்லை என்பதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்தடுத்து பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா என்று 1995 ஏப்ரலுக்குள் ஐந்து கூட்டங்கள். இதற்குள் கிராம சேவகர்கள் உஷாராகிவிட்டார்கள். அரசாங்கத் தணிக்கையாளர் வந்தால் காட்டுவோம், ஜனங்களுக்குக் காட்டமாட்டோம் என்று போராட்டத்தில் இறங்கினார்கள். பாருங்கள், எங்களைப் பார்த்து அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை!

1995 ஏப்ரலில் அன்றைய முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டசபையில் ஒரு வாக்குறுதி கொடுத்தார். உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களுக்கு ஜெராக்ஸ் நகல் தரப்படும் என்று. ஒரு வருஷம் ஆயிற்று, உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6-ஆம் தேதி பியாவர் நகரத்தில் தர்ணா உட்கார்ந்தார்கள். நாற்பது நாள். கிராமத்துக்காரர்கள் தானியம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நகரத்துச் சிறுவியாபாரிகளும் தொழிற்சங்கத்தாரும் கைகொடுத்தார்கள். அப்போது பிறந்த கோஷம்தான் 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது. அதிகம் படிக்காத ஒரு கிராமத்துப் பெண், ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்று நிருபர்கள் கேட்டபோது சொன்ன பதில் நாடெங்கும் பரவியது. பத்து ரூபாய் கொடுத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரில் கோடி கோடியாய்ச் செலவழிக்கிற அரசாங்கத்திடம் கேட்கக்கூடாதா என்றார் அந்த அம்மையார். அரசியல் விஞ்ஞானம் படிக்கிற மாணவர்கள் இதை ஒருதரம் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1997-இல் ஜெய்ப்பூரில் இன்னொரு தர்ணா. இந்தமுறை 53 நாள். முடிவில் அரசாங்கம் வெளியிட்ட செய்தி என்ன? பஞ்சாயத்து ஆவணங்களின் நகல் பெறலாம் என்று ஆறு மாதத்துக்கு முன்பே கெஜட்டில் அறிவிக்கை போட்டாகிவிட்டதாம்! தகவல் பெறும் உரிமை கொடுத்த தகவலையே யாருக்கும் சொல்லவில்லை. கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் மிகை என்று சொல்லியிருப்போம்.

எதிர்த்து நின்றவர்களைப் பற்றியே பேசினால் பாதிக் கதைதான். அரசாங்கத்துக்குள்ளேயும் ஆட்கள் இருந்தார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் முசௌரி அகாதமியில், 1995 அக்டோபரில், இதற்கு ஒரு சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று அதிகாரிகளும் இயக்கத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். அடுத்து நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில் இருந்த பிரஸ் கவுன்சில் ஒரு வரைவு தயாரித்தது. 1996-இலேயே மக்களின் தகவல் உரிமைக்கான தேசியப் பிரசாரக் குழுவும் அமைந்தது. மாநிலங்கள் தனித்தனியே சட்டம் போட்டன. அதில் முதல் மாநிலம் என்ற பெருமை நமக்கு உண்டு. 1997-இலேயே தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆனால் விதிவிலக்குகள் இருபதுக்கும் மேலே. தோரணம் கட்டிய வாசல், உள்ளே போகத்தான் வழியில்லை. மத்தியில் 2002-இல் ஒரு சட்டம் நிறைவேறி, அமலுக்கே வராமல் போயிற்று. பிறகு தேசிய ஆலோசனைக் குழுவில் வரைவைத் திருத்தி, 2005 ஜூனில் இன்றைய தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்தது. அக்டோபர் 12 முதல் முழுமையாக அமல்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கக்கூடாது. காரணம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. முப்பது நாளில் பதில். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். உரிய காரணமில்லாமல் தாமதித்தால் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தச் சம்பளத்திலிருந்து நாளுக்கு 250 ரூபாய் அபராதம், 25,000 ரூபாய் வரை. ஃபைலைப் பார்ப்பது மட்டுமல்ல, வேலையை நேரில் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியையும் கேட்கலாம். சாலையில் போட்ட தாரில் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பது இங்கே எத்தனை சிவில் இன்ஜினியர்களுக்குத் தெரியும்? கையைத் தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

அதே 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், அதாவது நம்ம நூறுநாள் வேலைச் சட்டம், 17-ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கட்டாயம் ஆக்கியது. கோட் கிரானாவில் படுதாவுக்குக் கீழே நடந்தது அரசாங்கச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் இதை உண்மையாகவே எடுத்துச் செய்தது. 2006-இல் ராஜஸ்தான்காரர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். அனந்தபூர் மாவட்டத்தில் பெரிய அளவில் நடத்தினார்கள். 2009-இல் இதற்கென்றே தனிச் சங்கம் அமைத்து, அந்த ராஜஸ்தான் இயக்கத்தில் வேலை பார்த்த ஒருவரையே இயக்குநராக உட்காரவைத்தார்கள். வேலை செய்கிற குடும்பத்துப் படித்த பிள்ளைகளே தணிக்கையாளர்கள். வீடு வீடாகப் போய்ப் பட்டியலை வாசித்துக் காட்டுவார்கள். 2011-இல் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரைக் கலந்துகொண்டு இதற்கான விதிகளே வந்தன. 2017-இல் மேகாலயா மற்றத் திட்டங்களுக்கும் சேர்த்துச் சமூகத் தணிக்கைச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டிலும் இதற்கென ஒரு சங்கம் உண்டு.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. ஆந்திரத்தில் கண்டுபிடித்த தொகை பெரியது, திரும்ப வசூலானது அதில் ஒரு சிறு பங்கு. திருட்டைக் கண்டுபிடிப்பது ஒருவர், நடவடிக்கை எடுப்பது இன்னொருவர், அந்த இன்னொருவர் சில சமயம் திருட்டில் பங்காளி. எத்தனை கூட்டம் போட்டாலும் இந்த முடிச்சு அவிழவில்லை. தகவல் ஆணையங்களிலோ காலியிடங்களும் தேங்கிய மேல்முறையீடுகளும். 2019 திருத்தத்தில் ஆணையர்களின் பதவிக்காலம், சம்பளம் ஆகியவற்றை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போயிற்று. கணக்குக் கேட்டவர்களில் சிலர் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். ஊழலை அம்பலப்படுத்துவோரைக் காப்பதற்கென 2014-இல் ஒரு சட்டம் நிறைவேறி, வருஷங்கள் பல கடந்தும் அமலுக்கு வராமல் கிடக்கிறது.

எனக்கு இப்போது பெரிய கவலை வேறு. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு. பழைய வாசகம் என்னவென்றால், பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்த விவரம், ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுகிற விவரம், இவற்றை மறுக்கலாம். அதுவும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கவேண்டும். கூடவே ஒரு வரி: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்கமுடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது. எவ்வளவு அழகான வரி! 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது, அதன் மூலம் இந்தப் பிரிவு சுருங்கியது. 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்துவிட்டது. இப்போது வாசகம் ஒன்றுதான்: தனிநபர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் மறுக்கலாம்.

அந்தரங்கம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். என் மருத்துவச் சீட்டும் உங்கள் வங்கிப் புத்தகமும் ஊர் பார்க்கவேண்டியதில்லை. 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது, பொதுநலன் மேலோங்கினால் கொடுக்கலாம் என்று அரசு தரப்பில் சொல்கிறார்கள். உண்மைதான், இருக்கிறது. ஆனால் ஆபீஸ் நடைமுறை தெரிந்தவன் சொல்கிறேன். கொடுப்பதற்குக் குறிப்பு எழுதவேண்டும், மறுப்பதற்கு ஒரு பிரிவு எண் போதும் என்றால், எந்த அலுவலர் எதைத் தேர்ந்தெடுப்பார்? கோட் கிரானாவில் படித்தது என்ன? பெயர். இன்னார் மகன் இன்னார், இத்தனை நாள், இவ்வளவு கூலி. பெயரை எடுத்துவிட்டு '43 தொழிலாளர், மொத்தம் இவ்வளவு ரூபாய்' என்று படித்திருந்தால் கூட்டத்தில் யார் எழுந்து நின்றிருப்பார்கள்? செத்தவர் பெயர் தெரிந்தால்தானே செத்துப்போனார் என்று சொல்லமுடியும்? ரேஷன் பட்டியல், முதியோர் பென்ஷன் பட்டியல், வீடு கட்டும் திட்டப் பட்டியல் எல்லாமே பெயர்கள்தான். மானியம் பெறுவோர் விவரத்தை அரசே முன்வந்து வெளியிடவேண்டும் என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. அதுவும் நிற்கிறது, இதுவும் நிற்கிறது. இவை மோதும்போது எது ஜெயிக்கும் என்பது, எத்தனை பேர் விடாமல் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கும்.

கேட்காமலே கொடுக்கவும் முடியும் என்பதற்கு மறுபடி ராஜஸ்தானே சாட்சி. 2019 செப்டம்பரில் அங்கே 'ஜன் சூச்னா' என்ற இணையவாயிலை அரசு திறந்தது. பஞ்சாயத்து வாரியாக, யாருக்கு ரேஷன் எத்தனை கிலோ போயிற்று, யாருக்கு வேலை, எவ்வளவு கூலி என்று மனுப்போடாமலே பார்க்கலாம். அதைத் தயாரித்தது அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை. ஆனால் எந்த விவரம் வேண்டும், எந்தப் பெயரில் போட்டால் ஜனங்களுக்குப் புரியும் என்பதை இயக்கத்தாரோடு மேசைக்கு மேசை உட்கார்ந்து முடிவு செய்தார்கள். 1996-இல் தர்ணாவில் உட்கார்ந்தவர்களும் அவர்களைப் போலீஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சர்க்காரும் ஒரே மேசையில்! பிறகு கர்நாடகமும் 'மாஹிதி கணஜா' என்று அதேபோல் ஒன்று செய்தது. விஜய்புரா போன்ற ஊர்களில் கம்ப்யூட்டருக்கும் முன்னால் பஞ்சாயத்துச் சுவரிலேயே வரவுசெலவை எழுதிவைத்தார்கள். எனக்கு என்னவோ அந்தச் சுவர்தான் இன்னும் பிடித்திருக்கிறது. கரண்ட் போனாலும் படிக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன், சமையல்காரர் கதவருகே வந்து இரண்டுமுறை எட்டிப் பார்த்துவிட்டார். மனு எழுதும்போது 'ஏன் சாலை போடவில்லை' என்று எழுதாதீர்கள். 'ஏன்' என்பது ஆவணத்தில் இருக்காது, தகவல் இல்லை என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். உங்கள் ஊராட்சியில், உங்களுக்குக் கண்ணால் தெரிந்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்வெர்ட், ஒரு குடிநீர்த் தொட்டி, உங்கள் தெருவின் சிமெண்ட் ரோடு. வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேட்கவேண்டியது இவ்வளவுதான்: இந்த வேலையின் மதிப்பீட்டு நகல், அளவுப் புத்தகத்தில் இதற்குரிய பக்கங்களின் நகல், கொடுத்த பில்களின் நகல், வேலையை நேரில் பார்வையிட ஒரு நாள். நகல் வந்ததும் டேப் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் நீள அகலத்தை நீங்களே அளந்து பாருங்கள். ஒத்துவந்தால் அலுவலருக்கு நன்றி சொல்லி ஒரு கார்டு போடுங்கள், அவர்களுக்கு அப்படி யாரும் எழுதுவதே இல்லை. ஒத்துவரவில்லையென்றால் அந்தக் காகிதங்களோடு அடுத்த கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. சந்தேகம் இருந்தால், கடைசிப் பக்கத்தில் உறுப்பினர் முகவரிப் பட்டியலில் என் விலாசம் இருக்கிறது, எழுதுங்கள்.